உங்களுக்குத் தெரியுமா? தொப்பையைக் குறைக்கும் முன் ஸ்கேன்!

பிள்ளை பெற்று வருஷம் பல ஆகியும் வயிறு வற்றவில்லையே என்ற அங்கலாய்ப்பு ராஜகுளத்திலும் உண்டு, உத்திரமேரூரிலும் உண்டு. ‘டம்மி டக்’ ஆபரேஷன் செய்தால் வயிறு தட்டையாகிவிடும் என்கின்றன விளம்பரங்கள். ஆனால் கத்தி வைக்கும் முன் வயிற்றுச் சுவரின் நிலை தெரிய வேண்டாமா?

● தொப்பை என்றாலே கொழுப்பு அல்ல. முன்வயிற்றில் மேலிருந்து கீழாக இரண்டு தசைப் பட்டைகள் ஓடுகின்றன. அவற்றை நடுவில் இணைக்கும் நார்ப்பட்டை கர்ப்ப காலத்தில் அகன்றுவிடும். ஒல்லியான பெண்ணுக்கும் வயிறு தள்ளி நிற்க இந்தத் தசை விலகல் காரணமாகலாம். இடைவெளி 2 செ.மீ.க்கு மேல் இருந்தால்தான் அது விலகல் என்கிறது ஐரோப்பிய ஹெர்னியா சங்கத்தின் 2021 வழிகாட்டுதல்.

● போர்ச்சுகலில் 84 கர்ப்பிணிகளை அல்ட்ராசவுண்டில் அளந்து 2015-இல் ஆய்வு வெளியிட்டார்கள். 35-ஆவது வாரத்தில் எல்லோருக்குமே தசை விலகியிருந்தது. பிரசவமாகி 6 மாதம் கழித்துப் பார்த்தால் 39 சதவீதம் பேருக்கே அது மிச்சம். அவசரப்பட்டு ஆபரேஷனுக்கு ஓட வேண்டாம் என்பதற்கு இதுவே சாட்சி.

● மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கினால் நடுவயிறு மேடு கட்டுகிறதா? விலகலின் அடையாளம் அது. இதில் ஓட்டை கிடையாது, குடல் சிக்காது. குடலிறக்கம் எனப்படும் ஹெர்னியா வேறு. அதில் ஓட்டை உண்டு.

● கொழுப்பு தடித்த வயிற்றில், தொப்புளருகே உள்ள சின்ன ஹெர்னியா டாக்டரின் விரலுக்கும் அகப்படாமல் போகலாம். அது தெரியாமல் ஆபரேஷனின்போது கொழுப்பை உறிஞ்சும் குழாயைச் செலுத்தினால் குடலிலேயே குத்திவிடும் ஆபத்து உண்டு. ஸ்கேன் பார்க்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

● அல்ட்ராசவுண்ட் எடுக்கும்போது ‘இருமுங்க’, ‘முக்குங்க’ என்பார்கள். வயிற்றுக்குள் அழுத்தம் கூடும்போது ஒளிந்திருக்கும் ஹெர்னியா துருத்திக்கொண்டு வெளிப்படும்.

● டம்மி டக்கில் எடுப்பது தோலையும் அதன் அடியில் உள்ள கொழுப்பையும் மட்டுமே. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு அப்படியே இருக்கும். எது எவ்வளவு என்பதை சி.டி. ஸ்கேன் பிரித்துக் காட்டும். உள்கொழுப்பு மிகுந்தவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் வயிறு எதிர்பார்த்தபடி தட்டையாகாது.

● சி.டி.யில் ஒவ்வொரு திசுவுக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, கொழுப்பு சுமார் மைனஸ் 100, தசை சுமார் 50. இந்த அளவுகோலுக்கு சி.டி. கருவியை உருவாக்கிய ஆங்கிலேயப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர். 1971-இல் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தார். 1979-இல் நோபல் பரிசு பெற்றார்.

● ஒருமுறை வயிற்றுக்கு சி.டி. எடுத்தால் உடலில் ஏறும் கதிர்வீச்சு, இயற்கையாக நாம் மூன்று வருஷத்தில் வாங்குவதற்குக் கிட்டத்தட்டச் சமம். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் அந்தக் கதிர்வீச்சே இல்லை. அதனால் எல்லோருக்கும் சி.டி. எழுதுவதில்லை. பழைய ஆபரேஷன் தழும்பு, பெரிய ஹெர்னியா, சந்தேகம் என்றால்தான் அது.

 

● ஆபரேஷனில் விலகிய தசைகளை வெட்டுவதில்லை. இரு பக்கத்தையும் இழுத்து நடுவில் தையல் போடுவார்கள். மறுபடி கர்ப்பமானால் தசை திரும்ப விலகக்கூடும் என்பதால், இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவானவர்களுக்கே பெரும்பாலும் டாக்டர்கள் இதைப் பரிந்துரைக்கிறார்கள்.

● சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு, பித்தப்பை என்று எந்த ஆபரேஷன் ஆகியிருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வலது விலா எலும்புக்குக் கீழே நீளத் தழும்பு இருந்தால், தோலுக்கு வரும் ரத்தக் குழாய்கள் அங்கே ஏற்கெனவே அறுந்திருக்கும். புதிதாக வெட்டினால் தோல் அழுகிப்போகலாம். ஸ்கேனுக்குப் போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சீட்டும் பையில் இருக்கட்டும்.