மஜ்ஜை என்னும் விளைநிலம்

எலும்பைக் கல்லைப் போன்றதோர் உயிரற்ற பொருளாக நினைப்போர் பலர். உண்மையில், வளர்ந்த மனிதனின் இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் உள்ளிருக்கும் மஜ்ஜை ஓயாது உழைக்கும் தொழிற்கூடமாகும். சிவப்பணுக்கள் மட்டுமே நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி அங்கே பிறக்கின்றன. இதனை ஜெர்மானியப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் நாய்மன் 1868-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தபோது நம்பத் தயங்கியவர்கள் பலர்.

இத்தொழிற்கூடத்தில் ஓர் அணு கெட்டுப் பெருகுவதே இரத்தப் புற்றுநோய் என்பர். அது பாதி உண்மையே. கெட்ட அணுவுக்கு இடமும் உணவும் அளிப்பது எது?

1889-ஆம் ஆண்டில் லண்டன் சர்ஜன் ஸ்டீபன் பாஜெட், மார்பகப் புற்றுநோயால் மாண்ட 735 மாதரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். நோய் உடலெங்கும் ஒருபடித்தாகப் பரவாமல் சில உறுப்புகளையே நாடியிருக்கக் கண்டார். விதை எத்திசையிலும் பறக்கும், ஏற்ற நிலத்தில் விழுந்தாலன்றி முளையாது என்பது அவர் கொள்கை. 1978-இல் மான்செஸ்டர் விஞ்ஞானி ரே ஷோஃபீல்டு, இரத்தத்தின் மூல அணுக்கள் மஜ்ஜையில் தமக்கென அமைந்த மாடங்களில் தங்கி, அண்டை அணுக்களின் ஆணைக்குட்பட்டே வாழ்கின்றன என்று கூறினார். அகல் விளக்கைக் காற்றினின்று காக்கும் மாடத்தைப் பழைய வீடுகளில் கண்ட நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

ஆனால் மாடம் விளக்கை மட்டுமா காக்கிறது? 'மல்டிபிள் மைலோமா' என்னும் புற்றுநோயைப் பார்ப்போம். பெரும்பாலும் முதியோரைப் பற்றும் இந்நோயின் அணுக்கள் மஜ்ஜையின் தாங்கும் அணுக்களோடு ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவுடன் அவை 'இன்டர்லூகின்-6' என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கின்றன. அதுவே நோயணுவுக்கு ஊட்டம்.

கொடுமை அத்துடன் நிற்கவில்லை. நம் எலும்பை அரிக்கும் அணுக்களும் கட்டும் அணுக்களும் வாழ்நாள் முழுவதும் தொழில் புரிகின்றன. மைலோமா முன்னவற்றைத் தூண்டிவிட்டுப் பின்னவற்றை அடக்குகிறது. எலும்பு கரையக் கரைய, அதனுள் சேமித்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளிப்பட்டு நோயணுவை மேலும் கொழுக்கச் செய்கின்றன. கன்னமிடும் திருடனுக்குச் சுவரே சோறு போடுவதைப் போன்றது இது! எலும்பில் வலியும் முறிவும், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தின் மிகுதியும், சிறுநீரகக் கேடும், சோகையும் இதன் விளைவுகள். முதியோரின் முதுகுவலியை வயதின் குணமென்று ஒதுக்கித் தைலம் தடவியே மாதங்களைக் கழிப்பது நம் இல்லங்களில் வழக்கம். வலியுடன் காரணம் விளங்காத சோகையும் தளர்ச்சியும் சேருமாயின், இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுதல் தகாது.

நிலத்தைப் பற்றிய அறிவு வைத்தியத்தையும் மாற்றியுள்ளது. நோயணுவைக் கொல்லும் மருந்துகளோடு, எலும்பின் அரிப்பைத் தடுக்கும் 'சோலிட்ரானிக் அமிலம்' போன்றவையும் இப்போது மைலோமா நோயாளிகளுக்கு அளிக்கப்படுகின்றன.

வேறொரு வகையான நாட்பட்ட மைலாய்டு லுகேமியாவுக்கு, 2001-இல் வழக்கிற்கு வந்த 'இமாட்டினிப்' மாத்திரை பெரும் வரமாயிற்று. எனினும் இரத்தம் தெளிந்த பின்னரும் சில மூல நோயணுக்கள் மஜ்ஜையின் மறைவில் பிழைத்திருக்கக் கூடும். மாத்திரையை நிறுத்துவது மருத்துவர் பரிசோதித்துத் தீர்மானிக்க வேண்டியது. ஊருக்குப் போகும் விடுமுறையில் மாத்திரையை மறப்பவர்களும், 'இரத்தம் சரியாகிவிட்டதே' என்று தாமே விட்டுவிடுபவர்களும் இதை நினைவிற் கொள்க.

நிலத்தை அடியோடு உழுது புது விதை இடும் முறையும் உண்டு. மஜ்ஜை மாற்று சிகிச்சை நம் நாட்டில் 1983-இல் பம்பாய் டாட்டா மெமோரியல் மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கிற்று. கடும் மருந்துகளால் பழைய மஜ்ஜையை அழித்தபின், கொடையாளியின் மூல அணுக்களைச் சாதாரண இரத்தம் ஏற்றுவது போலவே நரம்பின் வழியாகச் செலுத்துகின்றனர். எலும்பைத் துளைத்து வைப்பதில்லை. மாடத்தின் அணுக்கள் சுரக்கும் ஒரு வேதிப்பொருளின் அழைப்பைப் பின்பற்றி, புதிய அணுக்கள் தாமே மஜ்ஜைக்கு வழி கண்டு குடியேறுகின்றன. அவை வேரூன்றிப் புது இரத்தம் பிறக்கத் தொடங்க, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும்.