பூனை ஏன் காலைக் கடிக்கிறது?

நெல் மூட்டை இருக்கும் வீட்டிலும் நூற்கட்டு இருக்கும் வீட்டிலும் பூனைக்கு ஓரிடம் உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கங்களில் வயல்கள் பலவும் மனைகளாக மாறிவிட்ட பின்னரும் எலிகள் குறைந்தபாடில்லை. ஆகவே பூனைகளும் குறையவில்லை. கணக்குப் பார்க்கச் செல்லுமிடங்களில், கடன் தவணையைப் பற்றிய பேச்சு ஓய்ந்ததும் அங்கத்தினர் வீட்டுப் பெண்மணிகள் நம்மிடம் கேட்பதுண்டு: "பால் வார்க்கும் காலையே கடிக்கிறதே, இது என்ன நன்றி?"

நன்றிகெட்ட தனம் என்று கூறுதல் பூனைக்கு அநீதியாகும். சிறியதாய், விட்டுவிட்டு அசைவதாய், பாதி மறைந்திருப்பதாய் எது தென்பட்டாலும் பாய்ந்து பற்றுவது அதன் வேட்டைச் சுபாவம். போர்வைக்குள் நெளியும் கால் விரல் அதன் கண்ணுக்கு எலியே. குழித்தறியில் அமர்ந்தவர் நிலையோ இன்னும் மோசம். இருண்ட குழியினுள் மிதியை மாற்றி மாற்றி அழுத்தும் பாதங்களைக் காட்டிலும் எலிவளைக்கு நிகரான காட்சி பூனைக்கு வேறு கிடைக்குமா? அதிகாலையும் அந்தியுமே பூனைக்குச் சுறுசுறுப்பு மிகும் வேளைகள். தறியில் உட்காரும் வேளையும் பெரும்பாலும் அவையே.

குட்டிகளின் கடிக்கு வேறு காரணங்களும் உண்டு. மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை பால் பற்கள் 26-ம் விழுந்து 30 நிலைப் பற்கள் முளைக்கின்றன. ஈறு உறுத்துவதால் கிடைத்ததை மெல்லும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் உடன்பிறப்புக்களோடு கட்டிப் புரண்டே கற்கிறது. எட்டு வாரம் நிரம்புமுன் தாயைப் பிரித்துக் கொணர்ந்த குட்டி இப்பாடத்தைக் கற்பதில்லை. போதாக்குறைக்கு, நாமே காலை ஆட்டி விளையாட்டுக் காட்டிப் பழக்கிவிட்டு, வளர்ந்த பின் அடிக்கிறோம்.

அடிப்பதால் பயனில்லை, அச்சம் கொண்ட பூனை மேலும் கடிக்கும். கடிக்கும்பொழுது காலை இழுத்தலும் கூடாது. ஓடுவதைத் துரத்துவதே அதன் இயல்பன்றோ? அசையாதிருந்து, பின்னர் எழுந்து சென்றுவிட வேண்டும். தறியில் அமருமுன் கோல் நுனியில் கட்டிய துணிப்பந்தைச் சிறிது நேரம் துரத்தவிட்டு உணவளித்தால், உண்டு உறங்கிவிடும். கழிவு நூலை மட்டும் விளையாடக் கொடுக்கலாகாது. பூனை நாக்கின் முட்கள் உட்புறம் சாய்ந்தவை. வாயில் சிக்கிய நூல் வெளிவராது, உள்ளே சென்று குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். இந்நூல் விஷயம் நெசவாளர் பலருக்குத் தெரியாதிருப்பது நமக்கு வியப்பே.

சாதுவான கிழப் பூனை திடீரெனக் கடிக்கத் தொடங்கினால் அது விளையாட்டன்று. வலியோ நோயோ இருக்கலாம், வெறிநோயாகவும் இருக்கலாம்.

பூனையின் பல் ஊசி போன்றது. மேலே துளி இரத்தமே தெரியும். கிருமியோ ஆழத்தில் தங்கிவிடும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் கடிபட்டதையே உணராமல் சீழ் வைத்த பின் காண்பர். அவர்கள் இரவில் பூனையைக் காலருகே படுக்கவிடாதிருத்தல் நலம். தோல் கிழிந்தால், நகக் கீறலேயாயினும், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த் தூள் எதுவும் வேண்டா. அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்க.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று அஞ்சித் தயங்கும் முதியோர் இன்றும் உளர். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்து 2005-க்குப் பின் நம் நாட்டில் வழக்கில் இல்லை. இப்பொழுது கையில்தான் ஊசி: முதல் நாள் இட்டபின், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களில், கட்டணம் கிடையாது. இரத்தம் வந்த காயமாயின் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவர். வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் பிழைத்தவர் அரிதினும் அரிது. கூலி போகுமே என்று ஒரு தவணையையும் விடலாகாது.

பூனைக்கும் மூன்று மாத வயதில் தடுப்பூசி உண்டு, பிறகு ஆண்டுதோறும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் விசாரித்து, ஊசியிட்ட தேதியைச் சங்கப் பாஸ் புத்தகத்தின் பின்னட்டையிலேனும் குறித்து வையுங்கள்.