பழைய விதியா, புதிய விதியா?
லினக்ஸ் கணிப்பொறியைப் புதுப்பிக்கும்போது கவனிக்க வேண்டியவை

லினக்ஸ் கணிப்பொறியில் மென்பொருள்களைப் புதுப்பிக்கும்போது, சில சமயம் வேலை பாதியில் நின்று திரையில் ஒரு கேள்வி வரும். "இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். மென்பொருளைத் தந்தவரும் இதற்குப் புதிய பதிப்பை அனுப்பியிருக்கிறார். என்ன செய்யலாம்?" என்பது அதன் சாரம். ஒரு சாரார் படிக்காமலே "புதியதைப் போடு" என்று பதில் தருகிறார்கள். மற்றொரு சாரார் "இருப்பது இருக்கட்டும்" என்று எப்போதும் பழையதையே வைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே ஆபத்தான பழக்கம். ஏன் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

கேரளத்தில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது தொலைவான விஷயமல்ல. 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் வழியாக இங்குள்ள பள்ளிகளில் லினக்ஸ் வேரூன்றியது. அத்திட்டம் 2017-ல் 'கைட்' என்ற நிறுவனமாயிற்று. 2019-ல் அந்நிறுவனம், பள்ளிகளிலுள்ள 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளுக்காக, உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டது. பள்ளியில் பழகிய பிள்ளைகள் அதையே வீட்டிலும் கடையிலும் நிறுவித் தருகிறார்கள். மட்டாஞ்சேரியின் சுக்கு, மிளகுக் கிடங்குகளில்கூட மேசைக்கடியில் ஒரு லினக்ஸ் பெட்டி ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். நிறுவித் தந்த பிள்ளை வளைகுடாவுக்கோ பெங்களூருக்கோ போன பிறகுதான் திரையில் இந்தக் கேள்வி வருகிறது!

அமைப்புக் கோப்பு என்பது என்ன?

ஒரு மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சாதாரண எழுத்தில் வரிவரியாக எழுதிவைத்த கட்டளைத் தாள்தான் அது. எந்த அச்சுப்பொறி, எந்தப் பொதுக் கோப்புறை, யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்பவையெல்லாம் அதில் இருக்கும். லினக்ஸில் இவை பெரும்பாலும் 'எட்சி' என்ற கோப்புறையில் உள்ளன. மென்பொருளை நாம் எழுதவில்லை. ஆனால் இந்தத் தாளில் நம் கையெழுத்தும் இருக்கிறது. அதாவது ஒரே கோப்புக்கு இரண்டு சொந்தக்காரர்கள். தகராறு வருவது அதனால்தான்.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன், டிப்ளமோ படித்தவன். இந்தத் தகராறு எனக்குப் புதிதாகப் படவில்லை. ரயில்வேயில் நாடு முழுவதுக்கும் 1976-ஆம் ஆண்டின் பொது விதிகள் உண்டு. அவற்றின் கீழ் ஒவ்வொரு மண்டல ரயில்வேக்கும் துணை விதிகள் உண்டு. அதற்கும் கீழே ஒவ்வொரு நிலையத்துக்கும், அதன் தண்டவாள அமைப்புக்கும் சிக்னல்களுக்கும் ஏற்ப, நிலையப் பணி விதிகள் உண்டு. மேலிடத்திலிருந்து திருத்தச் சீட்டு வந்தால் உரிய பக்கத்தில் ஒட்டுவோம். அதற்காக நிலைய விதிகளைக் கிழித்துப் போடுவதில்லை. திருத்தத்தைப் படிக்காமல் பழையபடியே வண்டியை விடுவதும் இல்லை.

கணிப்பொறி என்ன ஒப்பிட்டுப் பார்க்கிறது?

டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் 'டிபிகேஜி' என்ற கருவி இந்த வேலையைச் செய்கிறது. மென்பொருளை நிறுவும்போதே, அதனுடன் வந்த அமைப்புக் கோப்பின் அடையாள எண்ணைக் குறித்துவைத்துக்கொள்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண் மாறிவிடும். புதுப்பிக்கும்போது மூன்றை ஒப்பிடுகிறது: முன்பு வந்த மூலம், இப்போது வட்டில் இருப்பது, புதிதாக வந்திருப்பது.

நீங்கள் கோப்பைத் தொடவே இல்லையென்றால், கேட்காமலே புதியதைப் போட்டுவிடும். நீங்கள் மாற்றியிருந்து, மென்பொருள் தந்தவர் மாற்றவில்லையென்றால், உங்களுடையதை அப்படியே விட்டுவிடும். இருவருமே மாற்றியிருந்தால் மட்டுமே கேள்வி வரும். ஆகவே அந்தக் கேள்வி வெறும் தொந்தரவு அல்ல. கருவியால் தானே தீர்க்க முடியாத இடத்தில் உங்களை அழைக்கிறது.

கேள்விக்கு நான்கு பதில்கள். 'ஒய்' என்றால் புதியதைப் போடு. 'என்' என்றால் இருப்பதை வைத்துக்கொள். 'டி' என்றால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டு. 'இசட்' என்றால் சற்று வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். எதுவும் சொல்லாமல் என்டர் விசையைத் தட்டினால் 'என்' என்றே பொருள். முதலில் அழுத்த வேண்டியது 'டி'. கழித்தல் குறியுள்ள வரி உங்களுடையது, கூட்டல் குறியுள்ள வரி புதியது. படித்து முடித்ததும் 'க்யூ' அழுத்தினால் மீண்டும் கேள்விக்கே திரும்பிவிடலாம்.

முக்கியமான ஆறுதல் ஒன்று: எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்றது அழிவதில்லை. பழையதை வைத்துக்கொண்டால், புதியது அதே இடத்தில் பெயருக்குப் பின்னால் 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலோடு இருக்கும். புதியதைப் போட்டால், பழையது 'டிபிகேஜி-ஓல்ட்' என்ற வாலோடு இருக்கும். சில மென்பொருள்களுக்கு 'யூசிஎஃப்' என்ற வேறொரு கருவி இதே கேள்வியைப் பட்டியலாகக் கேட்கும். அங்கே வால் 'யூசிஎஃப்-டிஸ்ட்', 'யூசிஎஃப்-ஓல்ட்' என்று வரும்.

ஒரு கடையில் நடந்தது

இங்கே ஒரு வியாபாரியின் அலுவலகத்தில் நான்கு பேர் ஒரே கோப்புறையில் கணக்கு வைத்திருந்தார்கள். 'சாம்பா' என்ற மென்பொருள் வழியாக அந்தக் கோப்புறை எல்லார் மேசைக்கும் தெரியும். உபுண்டு 18.04-லிருந்து 20.04-க்கு மாற்றியபோது, யாரோ எல்லாக் கேள்விகளுக்கும் "புதியது" என்று பதில் தந்துவிட்டார். மறுநாள் காலை கோப்புறையைக் காணோம். ஐந்து வருடக் கணக்கு போயிற்று என்று அலறல். வட்டை அழித்து எல்லாவற்றையும் புதிதாக நிறுவலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதைச் செய்திருந்தால் உண்மையிலேயே போயிருக்கும்.

கணக்கு எங்கும் போகவில்லை. "இந்தக் கோப்புறையைப் பகிர்" என்று சொல்லும் ஏழெட்டு வரிகள்தாம் போயிருந்தன. 'யூசிஎஃப்-ஓல்ட்' வாலுள்ள கோப்பிலிருந்து அவற்றை எடுத்துப் புதிய கோப்பில் சேர்த்தோம். பத்து நிமிட வேலை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவர்களுடைய பழைய நகல் இயந்திரம், ஸ்கேன் செய்த தாள்களை அந்தக் கோப்புறைக்கு அனுப்ப மறுத்தது. நம் வரிகள் அத்தனையும் சரியாகவே இருந்தன. காரணம் வேறு. 2019-ல் வந்த சாம்பா 4.11 பதிப்பிலிருந்து, 'எஸ்எம்பி-1' என்ற பழைய தொடர்பு முறை இயல்பாகவே நிறுத்தப்பட்டுவிட்டது. கோப்பில் அதைப் பற்றி வரியே கிடையாது. வரி இல்லாவிட்டால் "அனுமதி" என்பது பழைய பொருள். வரி இல்லாவிட்டால் "அனுமதி இல்லை" என்பது புதிய பொருள். கோப்பு மாறாமலே அதன் அர்த்தம் மாறிவிட்டது. 2017 மே மாதம் உலகெங்கும் விண்டோஸ் கணிப்பொறிகளை முடக்கிய வான்னாக்ரை பரவியது இந்த எஸ்எம்பி-1 வழியாகத்தான். ஆகவே அதை மறுபடி திறந்துவிடாமல், நகல் இயந்திரத்தின் பட்டியலிலேயே எஸ்எம்பி-2 முறையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தோம்.

பழையதையே பிடித்துக்கொண்டால்?

தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். முழு அதிகாரம் கொண்ட 'ரூட்' பயனர் கடவுச்சொல்லை மட்டும் தந்து நுழையலாம் என்ற இயல்பை, ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 2015-ல் தன் 7.0 பதிப்பில் மாற்றிவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய டெபியன் கோப்புகளில் "ரூட் நுழையலாம்" என்ற வரி வெளிப்படையாகவே எழுதியிருந்தது. ஒவ்வொரு முறையும் "பழையதே போதும்" என்று வந்தவரின் கணிப்பொறியில் அந்த வரி இன்றும் இருக்கலாம். வாசலுக்குப் புதுப் பூட்டு வந்தும், பழைய சாவி திண்ணையிலேயே கிடக்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல், கெர்னல் அளவுகளை எழுதிவைக்கும் பழைய 'சிஸ்சிடிஎல்' கோப்பு எட்சியில் அப்படியே இருந்தாலும், கணிப்பொறி தொடங்கும்போது அதை யாரும் படிப்பதில்லை. அந்த அளவுகளை 'சிஸ்சிடிஎல்-டி' கோப்புறைக்கு மாற்றியாக வேண்டும்.

தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு சொல். மேற்கண்ட கேள்வி எழக்கூடிய மென்பொருளை அந்த ஏற்பாடு வழக்கமாகத் தொடாமல் ஒதுக்கிவிடும். பாதுகாப்புத் திருத்தம் வந்தும் உங்கள் கணிப்பொறியில் ஏறாமலே இருக்கும். மாதம் ஒருமுறையாவது கையால் புதுப்பித்துப் பாருங்கள்.

துணை விதிகளைத் தனித்தாளில் எழுதுங்கள்

தகராறைக் குறைக்கும் சிறந்த வழி, மூலக் கோப்பில் கை வைக்காமல் இருப்பது. இன்று பல மென்பொருள்கள் பெயரின் முடிவில் 'டி' என்ற எழுத்துள்ள தனிக் கோப்புறை ஒன்றைத் தருகின்றன. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் இதற்கான வசதி 2020-ல் 8.2 பதிப்பில் வந்தது. உங்கள் நான்கு வரிகளை அங்கே ஒரு சிறு கோப்பில் எழுதிவிட்டால், மூலக் கோப்பு மென்பொருள் தந்தவருக்கே சொந்தமாகிவிடும். அது கேள்வி இல்லாமல் புதுப்பிக்கப்படும். உங்கள் வரிகளும் நிற்கும். எங்கள் துணை விதிப் புத்தகம் போலத்தான். ஒரே வேற்றுமை: ரயில்வேயில் துணை விதி பொது விதியை மீறக் கூடாது, இங்கே மீறுவதற்காகவே எழுதுகிறோம். எந்த வரி செல்லும் என்பதும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். எஸ்எஸ்ஹெச்சில் முதலில் வருவது செல்லும். சிஸ்சிடிஎல்லில் கடைசியில் வருவது செல்லும்.

அன்பர்கள் கடைப்பிடிக்கச் சில நெறிகள்:

1. புதுப்பிக்கும் முன் எட்சி கோப்புறை முழுவதையும் ஒரு பிரதி எடுங்கள். 'எட்சிகீப்பர்' என்ற கருவியை நிறுவிவிட்டால், ஒவ்வொரு புதுப்பித்தலுக்கு முன்னும் பின்னும் அதுவே வரலாறாகப் பதிந்துவைக்கும்.

2. நீங்கள் மாற்றும் ஒவ்வொரு வரிக்கும் மேலே, தேதியும் காரணமும் தமிழிலேயே எழுதுங்கள். வரியின் தொடக்கத்தில் '#' குறி இட்டால் பெரும்பாலான கோப்புகளில் கணிப்பொறி அதைப் பொருட்படுத்தாது. அடுத்து வருபவருக்கு அதுவே வழிகாட்டி.

3. கேள்வி வந்தால் முதலில் வேறுபாட்டைப் பாருங்கள். உங்கள் மாற்றம் எதற்கென்று நினைவில்லாவிட்டால் இப்போதைக்கு 'என்' சொல்லி, கோப்பின் பெயரைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

4. முடிந்ததும், 'டிபிகேஜி', 'யூசிஎஃப்' வாலுள்ள கோப்புகளை எட்சியில் தேடி, ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சேர்க்க வேண்டியதைச் சேருங்கள். தீர்த்த பிறகே வாலுள்ளதை நீக்குங்கள்.

5. மென்பொருளை மறுபடி தொடங்குமுன் கோப்பைச் சோதியுங்கள். சாம்பா, எஸ்எஸ்ஹெச், அப்பாச்சி மூன்றுக்கும் சோதனைக் கட்டளை உண்டு. தொலைவிலிருந்து வேலை செய்தால், இருக்கும் இணைப்பை மூடாமல் இரண்டாவது இணைப்பில் நுழைந்து பாருங்கள். சிக்னலைப் பிரித்து வேலை செய்தால், சோதித்து மறுஇணைப்புக் குறிப்பு கொடுத்த பிறகே வண்டி விடுவோம், அதே முறைதான்.

ஃபெடோரா வகையில் வால்கள் 'ஆர்பிஎம்நியூ', 'ஆர்பிஎம்சேவ்' என்றிருக்கும். ஆர்ச் லினக்ஸில் 'பேக்நியூ'. இவை நடுவில் நின்று கேட்பதில்லை. மௌனமாகக் கோப்பை வைத்துவிட்டுப் போய்விடும். ஆகவே அங்கே நான்காவது நெறி இன்னும் அவசியம்.

மென்பொருளை உலகில் எவரிடமிருந்தும் மறுபடி பெற்றுக்கொள்ளலாம். ஆனால் உங்கள் கடைக்கும் பள்ளிக்கும் ஏற்றபடி எழுதிய அந்தச் சில வரிகள் உங்களிடம் மட்டுமே உள்ளன. அடுத்த முறை கேள்வி வரும்போது ஒரு நிமிடம் நின்று படித்துவிட்டு விசையைத் தொடுங்கள்.