வன்தட்டு பிழை காட்டினால் முதலில் என்ன செய்வது?

காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு நடக்காத குடும்பம் வன்னியில் குறைவு. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வந்தவர்களும், 1996இல் கிளிநொச்சியை விட்டு உள்ளே போனவர்களும், 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய் மெனிக் பாம் முகாமுக்குள் வந்தவர்களும் அந்தப் பையைத்தான் கூடவே கொண்டு திரிந்தார்கள். பலருக்கு அது வழியில் தொலைந்தது. சொந்தக் காணிக்கு இன்னும் திரும்பாத குடும்பங்களுக்கு அந்தக் கடதாசியின் பெறுமதி எவ்வளவென்று நாம் சொல்லத் தேவையில்லை.

இப்போது பலர் இப்பத்திரங்களைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துச் சேமிக்கிறார்கள். இது நல்ல வழக்கம். படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் அதிலுள்ள பதிவு இலக்கம், பதிவாளர் பிரிவு, திகதி ஆகியவை கையில் இருந்தால் உறுதிப்படுத்திய பிரதி எடுப்பது மிகவும் இலகு. சில வீடுகளில் வெளிநாட்டு உறவினர் கொடுத்த சேமிப்புப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. ஒன்று அல்லது இரண்டு வன்தட்டுகளைக் கொண்ட சிறு கணினி அது. இணைய றவுட்டரோடு இணைத்து எந்நேரமும் ஓடவிட்டால் வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளும் படங்களை அதில் கொண்டுபோய் வைக்கும். பழைய கணினியிலோ ராஸ்பெரி பை என்னும் சின்னப் பலகையிலோ இதைத் தாமாகவே அமைத்துக்கொள்ளும் இளைஞரும் உண்டு. இரண்டு மூன்று உறவுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பெட்டியைப் பாவிப்பதும் நடக்கிறது.

இந்தப் பெட்டி ஒருநாள் சிவப்பு விளக்குக் காட்டும், அல்லது 'தட்டில் பிழை' என்று ஒரு செய்தி வரும். அந்த நேரத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதையே இங்கு விளக்க முயல்கிறோம். வன்தட்டு பழுதாகிப் போகும் கோப்புகள் ஒரு பங்கு. பயத்தில் கண்டதையெல்லாம் அழுத்தித் திருத்தப் போய் அழியும் கோப்புகள் இன்னொரு பங்கு. இந்த இரண்டாவதைத் தடுப்பது முழுவதும் எம் கையில் இருக்கிறது.

பிழைச் செய்தி வந்தவுடன் அந்தத் தட்டில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். தொலைபேசிகள் தாமாகப் படம் அனுப்புவதை நிறுத்துங்கள். பத்திரங்கள் உள்ள கோப்புறையை மட்டும் முதலில் வேறொரு தட்டிலோ பென் டிரைவிலோ பிரதி எடுங்கள். கலியாண வீடியோ பிறகு பார்க்கலாம். பிரதி எடுத்த பின்னர்தான் பழுது என்ன என்று பார்க்க வேண்டும். தட்டு 'டக், டக்' என்று ஒரே சீராகத் தட்டுமானால் பிரதியும் எடுக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்துங்கள். உள்ளே வாசிக்கும் முனை தன் இடத்தைத் தேடித் தடுமாறும் சத்தம் அது. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் சேதம் கூடலாம்.

திருத்தும் கட்டளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. விண்டோசிலும் லினக்சிலும் தட்டைச் சோதித்துச் சீர்செய்யும் கட்டளைகள் உண்டு. கோப்புகளின் அட்டவணை குழம்பியிருந்தால் அவை உதவும். ஆனால் அவை திருத்துவதற்காகத் தட்டில் எழுதுகின்றன. நோய்ப்பட்ட தட்டில் பிரதி எடுக்க முன் அவற்றை ஓட்டினால் இருந்ததும் போகக்கூடும்.

இனிப் பழுது எங்கே என்று பார்ப்போம். வன்தட்டுக்குள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும் தட்டுகள் உள்ளன. அவற்றின் மேற்பரப்பு வயலைப் பாத்தி கட்டியதுபோல் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பாத்தி உவர் பட்டுப் போனால் தட்டு அதைக் கைவிட்டு, ஒதுக்கி வைத்த வேறொரு பாத்தியைப் பாவிக்கும். இந்தக் கணக்கையெல்லாம் தட்டு தானே எழுதி வைக்கிறது. 'ஸ்மார்ட்' அறிக்கை என்று அதற்குப் பெயர். விண்டோசில் 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்னும் இலவச மென்பொருளிலும், லினக்சில் 'ஸ்மார்ட்மொன்டூல்ஸ்' மூலமும் அதைப் பார்க்கலாம். சேமிப்புப் பெட்டிகளில் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கும்.

நீண்ட அந்த அறிக்கையில் நான்கு வரிகள் போதும். 5ஆம் இலக்கம், இதுவரை கைவிட்ட பாத்திகளின் எண்ணிக்கை. 197, சந்தேகத்தில் வைத்திருக்கும் பாத்திகள். 198, வாசிக்கவே முடியாமற் போனவை. இம்மூன்றில் ஒன்று பூச்சியத்திலிருந்து ஏறத் தொடங்கினால் தட்டு கிழடு பட்டுவிட்டது. நான்காவது 199. இதுதான் பலரையும் ஏமாற்றுவது. தட்டுக்கும் கணினிக்கும் இடையே தகவல் போகும்போது குழம்பிய தடவைகளை அது எண்ணுகிறது. அனேகமாகக் குற்றம் வயரில், அல்லது வயர் செருகும் இடத்தில் இருக்கும். எறும்பும் தூசியும் இங்கே குறைவில்லை. சில நூறு ரூபா வயரை மாற்ற வேண்டிய இடத்தில் பல ஆயிரம் ரூபாவுக்குப் புதுத் தட்டு வாங்கியவர்கள் உண்டு. வயரை மாற்றிய பின்னும் 199இன் எண் குறையாது, அது பழைய கணக்கு. இன்றைய எண்ணைக் கொப்பியில் எழுதி வைத்து அடுத்த கிழமை பாருங்கள். ஏறவில்லையென்றால் பழுது தீர்ந்தது.

வீண் பயம் தரும் இரண்டு விடயங்களையும் சொல்லிவிடுகிறோம். சீகேற் தட்டுகளில் 1ஆம், 7ஆம் இலக்கங்களுக்கு எதிரே கோடிக்கணக்கான எண் நிற்கும். அந்த நிறுவனம் கணக்கெழுதும் முறை அது. அடுத்தது, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மூல எண்களைப் பதினாறடி முறையில் காட்டுவது வழக்கம். அங்கே 10 என்றிருந்தால் 16 என்று பொருள். அமைப்பில் அதைச் சாதாரண எண்ணுக்கு மாற்றலாம்.

அறிக்கை சுத்தமாக இருக்கிறதென்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. கூகிள் நிறுவனத்தார் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளைக் கவனித்து 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். தன்னைத் தானே சோதித்தபோது முதல் பிழை கண்ட தட்டு அடுத்த 60 நாட்களுக்குள் செத்துப்போகும் வாய்ப்பு, பிழையற்ற தட்டைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில், செத்த தட்டுகளில் 56 வீதத்துக்கு மேற்பட்டவை முக்கியமான எச்சரிக்கைகளில் ஒன்றையேனும் காட்டாமலே செத்திருந்தன. எச்சரிக்கை வந்தால் நம்புங்கள், வராததை நம்பாதீர்கள்.

தட்டு ஒரு நேரம் தெரிகிறது, இன்னொரு நேரம் காணாமற் போகிறது என்றால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். ராஸ்பெரி பை பலகையில் யூ.எஸ்.பி. வழியாகவே மின்சாரம் பெறும் தட்டைச் செருகினால், எழுதத் தொடங்கும்போது மின் போதாமல் அது விழுந்து எழும்பும். தனி மின்சாரம் உள்ள தட்டு அல்லது தனி மின்சாரம் உள்ள யூ.எஸ்.பி. ஹப் இதற்கு மருந்து. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாற்கூட நாடு முழுவதும் இருண்டது. எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் மின் நிற்பது தட்டுக்குக் கெடுதி. சிறிய யூ.பி.எஸ். ஒன்று பத்து நிமிடம் தாங்கினாலும் பெட்டியை ஒழுங்காக நிறுத்தப் போதும்.

இந்தத் தட்டு காணாமற் போகும் பழுதோடு மென்பொருளின் ஒரு வில்லங்கமும் சேர்ந்து வருகிறது. பெட்டியிலுள்ளதை இன்னொரு தட்டுக்கு ஒவ்வோரிரவும் ஒத்தாக்கும்படி பலர் அமைத்து வைப்பார்கள். 'மூலத்தில் இல்லாததை மறுபக்கத்திலும் அழி' என்ற தெரிவும் சேர்த்திருப்பார்கள். ஒருநாள் முதல் தட்டு இணையாமற் போனால் மென்பொருளுக்கு வெறும் கோப்புறைதான் தெரியும். எல்லாவற்றையும் நீங்களே அழித்துவிட்டீர்கள் என்று அது எண்ணி, நல்ல பிரதியையும் துடைத்துவிடும். ஆகவே அந்த 'அழி' என்ற தெரிவை நிறுத்தி வையுங்கள். இடம் சற்று வீணாகலாம், பரவாயில்லை. தட்டு இணையாதபோது வரும் புதுப் படங்கள் பெட்டியின் சின்ன அட்டையில் எழுதப்பட்டு, அட்டை நிரம்பிப் பெட்டியே எழும்பாமற் போவதும் உண்டு. பார்ப்பவர்கள் பெட்டி செத்துவிட்டது என்பார்கள். அட்டையில் சேர்ந்த அந்தப் படங்களை வேறிடத்துக்கு எடுத்து இடம் உண்டாக்கினால் அது உயிர்க்கும்.

இரண்டு தட்டுள்ள பெட்டியில் ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதும் 'றெயிட்' முறை உண்டு. ஒரு தட்டு செத்தால் மற்றது வேலை செய்யும், நல்லதுதான். ஆனால் அதைப் பிரதி என்று எண்ண வேண்டாம். பிள்ளை தவறுதலாக அழித்தால் அந்தக் கணமே இரண்டிலும் அழியும். கள்ளனுக்கும் வெள்ளத்துக்கும் இரண்டு தட்டும் ஒரே பெட்டிதான். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது! ஒரு தட்டு செத்து மாற்றும்போது புதுத் தட்டின் வகையையும் கேளுங்கள். வெஸ்ரேண் டிஜிற்றல் நிறுவனத்தின் 'றெட்' வகையில் 2 முதல் 6 ரெறாபைற் வரையான சில தட்டுகள், ஓடுகளை அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் எஸ்.எம்.ஆர். முறையில் செய்யப்பட்டிருந்தன என்பது 2020இல்தான் வெளியே தெரிந்தது. அப்படியான தட்டுகள் றெயிட்டை மீளக் கட்டும்போது மிக மெதுவாகி, பழுதானவை என்று பெட்டியால் ஒதுக்கப்பட்டன. சேமிப்புப் பெட்டிக்கு சி.எம்.ஆர். வகைத் தட்டே நல்லது.

பெட்டி செத்து, தட்டைக் கழற்றி விண்டோஸ் கணினியில் செருகுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான பெட்டிகள் லினக்ஸ் முறையில் எழுதுபவை. விண்டோசுக்கு அது விளங்காது. தட்டு தெரியாமலே போகலாம், அல்லது 'பாவிக்க முதல் ஃபோமற் செய்ய வேண்டும்' என்று கேட்கலாம். 'ஆம்' என்று அழுத்திவிடாதீர்கள். தட்டில் எல்லாம் அப்படியே இருக்கும். லினக்ஸ் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். தட்டு பாதி பழுதென்றால் 'டிடி-ரெஸ்கியூ' என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கச் சொல்லுங்கள். மழை வருமுன் நின்ற நெல்லை அறுத்துவிட்டுச் சாய்ந்த நெல்லுக்குப் பிறகு வருவதுபோல, அது வாசிக்கக்கூடிய பகுதியை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட பகுதிக்குப் பின்னர் திரும்பும். எதுவரை எடுத்தது என்று குறித்தும் வைக்கும். இடையில் கரண்ட் நின்றாலும் விட்ட இடத்தில் தொடரலாம்.

தமிழில் பெயரிடுவோருக்கு வரும் சிக்கல் ஒன்றுண்டு. லினக்ஸ் பெட்டியில் ஒரு கோப்பின் பெயர் 255 பைற்றுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற், தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று. 'கிளிநொச்சி' என்ற ஐந்தெழுத்துக்கு, விசிறி, கொம்பு, புள்ளி எல்லாம் சேர 30 பைற் ஆகிறது. விண்டோசில் நன்றாக இருந்த நீண்ட தமிழ்ப் பெயர் பெட்டிக்குப் போகும்போது 'பிழை' என்று நிற்பது இதனால்தான். தட்டில் ஒரு பழுதும் இல்லை. 'நொ' என்பதிலுள்ள கொம்பையும் காலையும் சில கணினிகள் ஒன்றாகவும் சில இரண்டாகவும் எழுதுவதால், ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தோன்றுவதும் உண்டு. அவற்றில் ஒன்றை அழிக்க முன் இரண்டையும் திறந்து பாருங்கள். பெயரை இலக்கத்தில் தொடங்கிக் குறுக்கமாக வைப்பது நல்லது: '1998-காணி', '2004-பிறப்பு' என்பது போல. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பழைய கடிதங்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். அந்த எழுத்துருவை நிறுவினால் வாசிக்கலாம். யுனிகோட்டுக்கு மாற்றியும் வைக்கலாம்.

பெட்டியை இணையத்தில் வெளியே இருந்து திறக்கும்படி விடுவதை நாம் விரும்பவில்லை. 2021 யூனில் 'மை புக் லைவ்' என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டிகள் உலகின் பல இடங்களில் ஒரே நேரத்தில் வெறுமையாகின. 2015இற்குப் பின் திருத்தம் எதுவும் வெளியிடப்படாத மென்பொருளின் ஓட்டைக்குள்ளால் யாரோ புகுந்து அவற்றைத் துடைத்திருந்தார்கள். உறவினர் கொடுத்த பழைய பெட்டி வீட்டுக்குள் நன்றாகவே வேலை செய்யும், வெளிக்கதவை மட்டும் பூட்டி வையுங்கள்.

இரண்டாவது பிரதியை எங்கே வைப்பதென்று கேட்பீர்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 யூனில் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. விதைநெல் முழுவதையும் ஒரே கொட்டிலில் வைக்காத கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு குடும்பத்தின் பத்திரப் படங்கள் ஒரு பென் டிரைவுக்குள் அடங்கும். ஒன்றை வவுனியாவிலோ மன்னாரிலோ உள்ள உறவினரிடமும், கடவுச்சொல் இட்ட இன்னொன்றை வெளிநாட்டில் உள்ளவரிடமும் கொடுக்கலாம். பென் டிரைவ் வருடக்கணக்காகச் செருகாமற் கிடந்தால் அதிலுள்ளவை மறைந்துபோகக்கூடும். தைப்பொங்கலுக்கு ஒருமுறை, புதுவருடத்துக்கு ஒருமுறை என்று வேறொரு கணினியில் செருகி, நாலைந்து பத்திரங்களைத் திறந்து, இலக்கங்களை வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் மூலப் பத்திரம் கையில் இருக்கும்போதே பகல் வெளிச்சத்தில் மீண்டும் படம் எடுத்துவிடுங்கள். கடவுச்சொல்லை வீட்டில் இருவராவது அறிந்திருக்க வேண்டும்.