பெண்ணுரிமை வரலாறும் சமயச் சார்பும்

காய்தல் உவத்தலின்றி ஒரு பொருளை ஆராய்தல் அறிஞர் கடனாகும். ஆயினும், சமயம் இடைப்படுமிடத்து இக்கடன் எளிதில் மறக்கப்படுகின்றது. பெண்ணுரிமை இயக்கம் கிறிஸ்தவத்துக்குப் பகையானது என்னும் கூற்று இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கிறிஸ்தவப் பற்றாளர் சிலர் அவ்வியக்கத்தைப் பழிப்பதற்கும், சமய மறுப்பாளர் சிலர் அதனைப் புகழ்வதற்கும் இக்கூற்றையே கையாளுகின்றனர். நோக்கம் வேறெனினும் பிழை ஒன்றே. ஐக்கிய அமெரிக்காவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு அப்பிழையைத் தெளிவுறக் காட்டும்.

1837 ஆம் ஆண்டில் மசாச்சுசெற்ஸ் மாநிலக் குருமார் சங்கமொன்று சுற்றுமடல் விடுத்து, பெண்கள் பொதுமேடையிற் பேசுதலைக் கண்டித்தது. அடிமை ஒழிப்புக்காகப் பேசிவந்த கிறிம்கே சகோதரியரே அக்கண்டனத்துக்கு இலக்காயினர். அவருள் மூத்தவரான சாரா கிறிம்கே விடையிறுத்தபோது வேதாகமத்தைத் துறந்தாரல்லர். ஆணும் பெண்ணும் கடவுளின் சாயலாகவே படைக்கப்பட்டனர் என்னும் அந்நூற் கருத்தையே தம் வாதத்துக்கு அடிப்படையாக்கினார். ஆடவர் செய்த மொழிபெயர்ப்பிலும் உரையிலுமே குற்றங் கண்டார். 1848 இல் செனெக்கா ஃபோல்ஸ் என்னும் ஊரிற் பெண்ணுரிமை மாநாடு கூடியதும் ஒரு வெஸ்லியன் தேவாலயத்திலேயாம். கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கமும், 1879 இல் பிரான்சிஸ் வில்லாட் அம்மையார் தலைமை ஏற்றபின், பெண் வாக்குரிமையை ஆதரித்தது.

எனினும், முரண்பாடு இருந்ததேயில்லை என்பதும் உண்மையாகாது. செனெக்கா ஃபோல்ஸ் மாநாட்டைக் கூட்டியவருள் ஒருவரான எலிசபெத் கேடி ஸ்ரான்டன், 1895 இலும் 1898 இலும் ‘பெண்களின் வேதாகமம்’ என்னும் நூலை இரு பகுதிகளாக வெளியிட்டார். பெண்ணைத் தாழ்த்தும் வேதப்பகுதிகள் இறைவாக்கல்ல, ஆடவர் ஆக்கமே என்பது அவர் துணிபு. இயக்கத்தைப் பழிப்போரும் புகழ்வோரும் இந்நூலையே சான்றாகக் காட்டுவர். அதன்பின் நிகழ்ந்ததைக் கூறாது விடுவர்.

1896 ஜனவரியில் வாஷிங்ரனிற் கூடிய தேசிய அமெரிக்கப் பெண் வாக்குரிமைச் சங்கம், முன்னைய ஆண்டில் வெளிவந்த அந்நூலோடு தனக்குத் தொடர்பில்லையென 53 க்கு 41 என்னும் வாக்குகளால் தீர்மானித்தது. தலைவியான சூசன் பி. அன்ரனி தலைமையிருக்கையை விட்டிறங்கி அத்தீர்மானத்தை எதிர்த்துப் பேசினார். அவர் நூலின் பொருட்டுப் பேசினாரல்லர். சமயக் கருத்து வேறுபாட்டுக்காக ஒருவரைச் சங்கம் கண்டித்தலாகாது என்பதே அவர் வாதம். ஆகவே, 53 பேரைக் குருமாருக்கு அஞ்சியோர் என்றோ, 41 பேரைக் கிறிஸ்தவப் பகைவர் என்றோ கொள்ளுதல் பொருந்தாது.

குருமாரின் அதிகாரத்தை மறுத்தல், உரையை மறுத்தல், வேதத்தை மறுத்தல், சமயத்தையே மறுத்தல் ஆகிய நான்கும் வெவ்வேறானவை. இவற்றை ஒன்றெனக் கொண்டு எழுதுவோர், வரலாற்றை விடுத்துத் தம் விருப்பு வெறுப்பையே எழுதுகின்றனர். பிறர் சமயத்தைப் பற்றி எழுதும்போதும் தம் சமயத்தைப் பற்றி எழுதும்போதும் ஒரே துலாக்கோலைக் கையாளுதலே வரலாற்றாசிரியர்க்கு அழகாகும்.