கூடம் கோணலா?

நடை பழகும் குழந்தை தடுக்கி விழுந்து அழுகிறது. ஓடிவரும் பாட்டி, “என் கண்ணைத் தள்ளிவிட்டாயா?” என்று தரையை ஓங்கி அடிக்கிறார். அழுகை நிற்கிறது. அன்பினால் செய்யப்படும் இச்செயலில் ஒரு பாடமும் மறைந்திருக்கிறது: விழுந்தவர் நாமாயினும் பிழை வேறெங்கோ உள்ளது என்பதே அது. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்னும் பழமொழி, அப்பாடம் முதிர்ந்த நிலையைக் காட்டுகிறது.

காரணமும் சாக்கும்

‘ஏன்?’ என்னும் வினாவிற்குக் காரணமும் விடையாகலாம், சாக்கும் விடையாகலாம். “இரவில் மின்சாரம் தடைப்பட்டது, மாலையிலேயே எழுதாதது என் தவறு, நாளை முடித்துவிடுவேன்” என்பது காரணம். “மின்சாரம் இல்லை, நான் என்ன செய்வேன்?” என்பது சாக்கு. முன்னதில் சொல்பவரின் பங்கும் திருத்தும் வழியும் உள்ளன. பின்னதில் இரண்டும் இல்லை.

பொறுப்பேற்ற பெருமக்கள்

கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கப்பரல் தெறித்ததும் பாண்டியன் நெடுஞ்செழியன் உண்மையை உணர்ந்தான். பொற்கொல்லன் பொய்யுரைத்தது மெய்யே. எனினும், ஆராயாது அச்சொல்லை ஏற்றது தன் குற்றமே எனக் கொண்டு உயிர் துறந்தான் என்கிறது சிலப்பதிகாரம்.

1979 ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி வங்கக் கடலில் வீழ்ந்தது. அதன் திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆயினும், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் செய்தியாளர்களைத் தாமே சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று அடுத்த முயற்சி வென்றபோது, செய்தியாளர்களைச் சந்திக்கும் வாய்ப்பைக் கலாமுக்கு அளித்தார். பழியைத் தாம் ஏற்றுப் புகழைப் பிறருக்குத் தந்த அப்பண்பைக் கலாம் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

கற்பிக்கும் முறை

உண்மை சொன்ன குழந்தை அடிவாங்கும் வீட்டில் சாக்குகளே வளரும். சிந்திய பாலைக் கண்டு, “யார் செய்த வேலை?” எனச் சினந்தால் குழந்தை பூனையைக் காட்டும். “என்ன நடந்தது? இதில் உன் பங்கு என்ன? இனி என்ன செய்யலாம்?” எனப் பொறுமையாகக் கேட்டால் துடைக்கத் துணி எடுத்துவரும். கரும்பலகையில் பிழையாக எழுதிய ஆசிரியர், அதைச் சுட்டிய மாணவருக்கு நன்றி கூறித் திருத்தினால் வகுப்பு முழுவதும் அப்பண்பைக் கற்கும். அறிவுரையினும் முன்மாதிரி வலிது.

மாணவர்களே! உங்கள் வீட்டின் இளையோர் உங்களைப் பார்த்தே வளர்கின்றனர். அடுத்தமுறை தம்பியோ தங்கையோ விழுந்தால் தரையை அடிக்க வேண்டா. தூக்கி நிறுத்திக் கண்ணீரைத் துடையுங்கள். அடுத்த அடியைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.