தாவரக்கூட்டத் தரவுத்தளங்கள்

தாவரக்கூட்டத் தரவுத்தளம் என்பது, பல ஆய்வாளர்கள் பல காலங்களில் களத்தில் எடுத்த தாவரப் பதிவுகளை ஒரே வடிவில் திரட்டி வைக்கும் கணினித் தொகுப்பு ஆகும். சூழலியல், பல்லுயிர் ஆய்வுகளுக்கு இது அடிப்படையாகும்.

பதிவு செய்யும் முறை

களத்தில் குறிப்பிட்ட அளவுள்ள மாதிரிக் கட்டம் (குவாட்ரட்) அமைக்கப்படும். மரங்களுக்கு 10 மீ × 10 மீ, புல் பூண்டுகளுக்கு 1 மீ × 1 மீ அளவுகள் பரவலாகப் பயன்படுகின்றன. கட்டத்துக்குள் காணும் எல்லா இனங்களும், ஒவ்வோர் இனமும் மூடியிருக்கும் பரப்பின் விழுக்காடும், இடமும் நாளும் குறிக்கப்படும்.

இருப்புப் பதிவிலிருந்து வேறுபாடு

ஜிபிஐஎஃப் போன்ற தளங்களில் உள்ள பெரும்பாலான பதிவுகள், 'இந்த இனம் இவ்விடத்தில் காணப்பட்டது' என்று மட்டுமே கூறும். ஓர் இனத்துக்குப் பதிவு இல்லையென்றால் அது அங்கு இல்லை என்று கொள்ள முடியாது; யாரும் தேடாமலும் இருந்திருக்கலாம். கட்டப் பதிவில் எல்லா இனங்களும் பட்டியலிடப்படுவதால், ஓர் இனம் இல்லை என்பதும் ஒரு தகவலாகிறது. எந்தெந்த இனங்கள் சேர்ந்து வளர்கின்றன என்பதும் தெரிகிறது.

உலக அளவில்

ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள ஆய்வு மையம் ஒருங்கிணைக்கும் 'எஸ்பிளாட்' தொகுப்பில் இலட்சக்கணக்கான கட்டங்கள் உள்ளன. அதிலிருந்து 114 நாடுகளைச் சேர்ந்த 95,104 கட்டங்கள் 2021இல் அனைவரும் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டன. ஆனால் ஐரோப்பாவுக்குப் பதிவுகள் மிகுதி. வெப்பமண்டல நாடுகளுக்குக் குறைவு. எனவே பதிவுகள் அடர்ந்த இடத்தை இனங்கள் அடர்ந்த இடம் என்று கருதுவது தவறு.

தாம்பரம் பகுதி

சோழமண்டலக் கரையோர உலர் பசுமைமாறாக் காடும் புதர்க்காடும் இப்பகுதியின் இயற்கைத் தாவரக்கூட்டங்கள். வீடுகளும் சாலைகளும் பெருகிய பின், நன்மங்கலம் காப்புக்காடு, 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் வளாகம் போன்ற சில இடங்களிலேயே அவற்றின் எச்சங்கள் உள்ளன. காரை, சூரை, காசா போன்ற செடிகள் இருந்த நிலத்தில் சீமைக்கருவேலம் எவ்வளவு பரவியுள்ளது என்று சொல்ல, பழைய கட்டப் பதிவு உதவும். அது இல்லாத இடத்தில், இழந்தது எவ்வளவு என்று துல்லியமாக அளப்பது கடினம்.

பெயர்ச் சிக்கல்

சீமைக்கருவேலத்தின் அறிவியல் பெயர் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. 2022இல் வெளியான வகைப்பாட்டில் அது நெல்டுமா ஜூலிஃப்ளோரா ஆயிற்று. இரு பெயர்களையும் ஒன்றாக்காமல் கணக்கிட்டால், ஒரே மரம் இரண்டு இனங்களாக எண்ணப்படும்.

மாணவர்கள் பள்ளி வளாகத்தில் ஒரு கட்டம் அமைத்து, ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே இடத்தில் பதிவு செய்து வரலாம். அளவும் நாளும் இடமும் தவறாமல் குறித்திருந்தால், பின்வரும் ஆய்வாளருக்கு அது பயன்படும்.